இருபத்தோராவது பெயர்

எனக்கு வேலை கிடைத்த அன்றே, இனிமேல் வேறு வேலை கிடைக்காது என்பதும் முடிவாகிவிட்டது. வருத்தத்தில் சொல்லவில்லை, நடைமுறையைச் சொல்கிறேன். எழுபதுகளில் பட்டம் வாங்கியவன் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் வேலைவாய்ப்பு அலுவலகம். அங்கே அவன் பெயரில் ஓர் அட்டை எழுதுவார்கள். படிப்புவாரியாகப் பிரித்து, பதிவு செய்த தேதி வரிசையில் மர இழுப்பறைக்குள் நிறுத்துவார்கள். எந்த நிறுவனமாவது ஆள் கேட்டால், வரிசையில் முன்னால் நிற்கும் அட்டைகளை உருவிப் பெயர்ப்பட்டியல் அனுப்புவார்கள். வேலை கிடைத்துவிட்டால் அட்டை இழுப்பறையை விட்டு வெளியேறிவிடும்.

என் அட்டையும் வெளியேறியது. செங்கல்பட்டில் அப்படிப்பட்ட ஒரு கிளை அலுவலகத்திலேயே என்னை இளநிலை உதவியாளராகப் போட்டார்கள். வேதியியலில் முதல் வகுப்பு வாங்கியவனுக்கு, மற்ற வேதியியல் பட்டதாரிகளின் அட்டைகளை அடுக்கி வைக்கும் வேலை.

ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், ஒரு நெல் மண்டியின் மாடியில் இருந்தது அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும் என்று சொன்னார்கள். ஜன்னலுக்கு முன்னால் இரும்பு அலமாரி நின்றது. அதை நகர்த்த அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்கு, அலமாரியின் நீள அகலம் கேட்டுப் பதில் வந்தது. அளந்து அனுப்பினோம். உயரத்தையும் கேட்டார்கள்.

நான் தட்டச்சு செய்த பெயர்கள் உரத் தொழிற்சாலைக்கும் துறைமுகத்துக்கும் கல்பாக்கத்து அணுமின் நிலையத்துக்கும் போயின. நான் ஐந்தே முக்காலுக்கு மாடிப்படி இறங்கி, தனியாக எடுத்திருந்த அறைக்குப் போனேன். அரசாங்க வேலை, பென்ஷன் உண்டு என்று ஊரில் என் அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது வயது இருபத்துமூன்று. பென்ஷனுக்கு முப்பத்தைந்து வருஷம் இருந்தது.

எண்ணெய் வேலைக்கான அறிவிப்பு வந்தபோது எனக்கு இருபத்தாறு முடிய இரண்டு மாதம் இருந்தது. மேற்குக் கடலில் எண்ணெய் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பேப்பரில் படம் போட்டுக்கொண்டிருந்த காலம். கடலுக்கு நடுவில் இரும்பு மேடை கட்டித் துளையிடும் ஒரு நிறுவனம் எங்கள் அலுவலகத்துக்கு எழுதியிருந்தது. பயிற்சிப் பணியாளர்கள் நான்கு பேர் தேவை. வேதியியலில் முதல் வகுப்பு. வயது இருபத்தாறுக்குள். ஓர் இடத்துக்கு ஐந்து பேர் வீதம் இருபது பெயர்கள் அனுப்பவும்.

வேலை என்னவென்றால், துளையிடும் முனை சூடேறாமல் இருக்கத் துளைக்குள் இறக்கும் சேற்றின் கலவையைச் சோதிப்பது. சேற்றுக்கு வேதியியல் உண்டு என்று தெரிந்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது விளக்குவது கஷ்டம். கடிதத்தை நான்கு முறை படித்தேன். பிறகு அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன், யாரோ எட்டிப் பார்ப்பதுபோல.

அரசு ஊழியன் வேறு வேலைக்கு மீண்டும் பதிவு செய்யலாம். அதற்கு அவனுடைய அதிகாரி தடையில்லாச் சான்று தர வேண்டும். என் அதிகாரி ஐம்பத்தைந்து வயதுக்காரர். நல்லவர். மூன்று வருஷத்தில் ஓய்வு என்பதால் எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு முறை இருமுவார்.

"போய்ட்டா இங்க யாருய்யா இந்தப் பிரிவைப் பாக்கறது?" என்றார்.

"வேற ஆள் வருவாங்க சார்."

"வருவாங்க. நாமதானே ஆள் அனுப்பற ஆபீஸு. நமக்கு மட்டும் ஆள் வராது."

மூன்று நாள் யோசித்து, இருமி, சான்று கொடுத்தார். இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஒன்று, இந்த ஓர் அறிவிப்புக்கு மட்டுமே சான்று செல்லும். இரண்டு, பட்டியலில் எனக்கே சம்பந்தம் இருப்பதால் அந்தக் கோப்பை நான் தொடக்கூடாது. பக்கத்து மேஜையிடம் ஒப்படைக்க வேண்டும்.

பக்கத்து மேஜையில் இருந்தவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கடைத்தெருவில் அவர் குடும்பத்துக்குத் துணிக்கடை இருந்தது. வியாபாரம் பிடிக்காமல் அரசாங்கத்துக்கு வந்தவர். வருகிற கடிதங்களைப் பதிவேட்டில் ஏற்றுவது அவர் பொறுப்பு. இந்தக் கோப்பும் சேர்ந்துகொண்டது.

"தம்பி, நீ கடலுக்குப் போகப் போறே, சரி. நீச்சல் தெரியுமா?"

"மேடை பாய். அசையாது."

"கல்யாண மேடைகூட அசையாதுதான். ஏறினவன் கதையக் கேட்டுப் பாரு."

புதிதாகப் பதிவு செய்ததால் என் பதிவுத் தேதி அன்றைய தேதி. அதாவது வேதியியல் வரிசையிலேயே நான்தான் கடைசி. முதல் வகுப்பு, வயது வரம்பு இரண்டையும் வைத்துச் சலித்தார் பாய். மிஞ்சியவர்களுக்கு விருப்பம் கேட்டுக் கடிதம் போட்டார். சிலர் ஏற்கெனவே எங்கேயோ வேலையில் இருந்தார்கள், சிலரிடமிருந்து பதிலே இல்லை. எல்லாம் கழிந்து பத்தொன்பது பேர் சம்மதம் எழுதினார்கள். இருபதாவது இடத்துக்கு உரியவனுக்குப் போட்ட கடிதம் மட்டும் திரும்பி வந்தது. உறையின்மேல் தபால்காரர் எழுதியிருந்தார்: 'இக்குப்பத்தில் கதவு எண்கள் இல்லை.'

இருபத்தோராவது பெயர் என்னுடையது.

"திரும்பி வந்துருச்சே, பேர அடிச்சிடலாமா சார்?" என்று பாய் எனக்காகக் கேட்டார்.

அதிகாரி ஒப்பவில்லை. பதில் போடாதவன் வேறு, கடிதம் கிடைக்காதவன் வேறு. பதில் போடாதவனை நீக்கலாம். கடிதம் கிடைக்காதவன்மேல் குற்றமில்லை, அவன் பெயர் போகத்தான் வேண்டும். விருப்பமில்லை என்று அவன் கைப்பட எழுதிக் கொடுத்தால் மட்டும் அடுத்தவன் வரலாம். அவர் சொன்னது சரி. அவரிடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பட்டியல் புறப்பட வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் இருந்தது.

மறுநாள் எனக்குத் தலைவலி என்று அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தக் குப்பத்தைத் தேடி மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினேன். பையில் மூன்று தாள்கள் இருந்தன. 'மேற்கண்ட பணிக்கு எனக்கு விருப்பமில்லை எனத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று முந்தின நாளே தட்டச்சு செய்து வைத்திருந்தேன், மூன்று நகல்களாக. கையெழுத்துக்கு இடம் விட்டுக் கோடும் போட்டிருந்தேன்.

பஸ் நிலையத்திலிருந்து தெற்கே மணலில் நடக்க வேண்டியிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். குப்பத்தில் முதலில் கண்ணில் பட்டவரிடம் இருபதாவது பெயரைச் சொன்னேன். படகின் நிழலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்தார்.

"நீ யாரு?"

"செங்கல்பட்டு வேலைவாய்ப்பு ஆபீஸ்."

"அவன் எம்புள்ளதான். இன்னா, போலீஸ் கேஸா?"

"இல்ல. வேலை விஷயம்."

அவர் பீடியைப் போட்டார். குடிசைப் பக்கம் திரும்பி, "இந்தா, வேலக்கி ஆள் வந்துகீறாரு" என்று யாருக்கோ கத்தினார். எனக்கு ஒரு கயிற்றுக் கட்டிலும் ஒரு சோடாவும் வந்தன. மகன் கல்பாக்கத்தில் தினக்கூலிக்குப் போயிருந்தான், சிமென்ட் கலவையை அச்சில் ஊற்றிக் காயவைத்து எண் எழுதும் வேலை. சைக்கிளில் திரும்ப ஐந்து மணியாகும். வேதியியல் முதல் வகுப்பு. எனக்கு என் இழுப்பறை ஞாபகம் வந்தது.

"இன்னா வேல சார்?"

"எண்ணெய் எடுக்கிற வேலை. பம்பாய்ப் பக்கம்."

"எண்ணெ எங்க கீது?"

"கடலுக்கு அடியில."

அவர் கடல் பக்கம் திரும்பினார். எதிரே கடல் அதன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

"கப்பலா?"

"கப்பல் இல்ல. இரும்பு மேடை. பதினாலு நாள் அதுல இருக்கணும். அப்புறம் பதினாலு நாள் லீவு."

"அசையுமா?"

"அசையாது."

"அசையாதது கடல்ல இன்னாத்துக்கு சார்?" என்றார். பிறகு குரல் ஏறியது. "எங்க வூட்ல ரெண்டு பேர கடல்ல வுட்டோம். இவன் ஒருத்தனாவது தண்ணில கால் வக்க வாணாம்னு காலேஜுக்கு அனுப்சேன். நீ இன்னாடான்னா கவர்மென்ட்டு சீல் வச்சி கடலுக்கே இட்டுகினு போறன்ற. நாங்களாவது காலையில போனா மதியானம் கரைக்கு வந்துடுவோம்!"

எனக்குச் சாதகமாகத்தான் பேசினார். நான் மறுத்துப் பேசவில்லை. ஆபத்து இருக்கிறது, தூரம் அதிகம், பாஷை தெரியாத ஊர் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் உண்மை. ஒரு மனிதனைப் பயமுறுத்த உண்மையே போதும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஐந்து மணிக்கு மகன் வந்தான். சட்டையெல்லாம் சிமென்ட் தூசி. அப்பா சொல்வதைக் கேட்டுக்கொண்டே முகம் கழுவினான். துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"இதுக்குன்னு ஆபீஸ்லேர்ந்து ஆள் வர்றீங்களா? போன தபா கார்டு புதுப்பிக்க வந்தப்போ, உங்க கவுன்டர் ஜன்னல்ல ஒரு மணி நேரம் நின்னேன். நீங்கதான் உக்காந்திருந்தீங்க. நிமிந்தே பாக்கல."

"வேலை அதிகம்."

"இன்னிக்கி வேல இல்லியா?"

நான் தாள்களை எடுத்து நீட்டினேன். படித்தான். மூன்று நகலையும் ஒன்றாக வைத்துப் பார்த்தான்.

"நான் வாணாம்னு சொல்லப்போறது உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிகீது."

இதற்கு மேல் மறைக்க எனக்குத் திறமை போதவில்லை. பட்டியலில் அவனுக்கு அடுத்த பெயர் என்னுடையது என்றேன். இரண்டு மாதத்துக்குள் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும் என்றேன். அவன் சிரித்தான். அவன் அப்பாவும் சிரித்தார். கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன், அதற்குப் பதில் வைத்திருந்தேன். சிரிப்புக்கு வைத்திருக்கவில்லை.

"கவர்மென்ட்டு வேலைய வுட்டுட்டு தண்ணிக்கா போறீங்க? அங்க அவ்ளோ பேஜாரா அண்ணாத்த?" என்றான் மகன்.

"ஆமாம்" என்றேன்.

 அவன் தாள்களைக் கட்டில்மேல் அடுக்கி வைத்தான். கல்பாக்கத்தில் நிரந்தரம் செய்வதாகப் பேச்சு இருக்கிறது, நைனாவுக்கும் இஷ்டமில்லை என்று, எனக்குச் சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொண்டான். என் பேனாவை வாங்கி மூன்றிலும் கையெழுத்துப் போட்டான். இதுவும் இருக்கட்டுமென்று, சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த முகவரித் திருத்தப் படிவம் ஒன்றையும் கொடுத்துப் பூர்த்தி செய்ய வைத்தேன். கடிதம் திரும்பி வரும் முகவரியுடன் ஓர் அட்டை இழுப்பறையில் நிற்பதை என்னால் சகிக்க முடியாது. பஸ் நிலையத்து டீக்கடையின் பேரில் என்று எழுதினான்.

அந்தக் கடிதத்தை அங்கேயே தபாலில் போட்டிருக்கலாம். போட்டால் செங்கல்பட்டுக்கு வர இரண்டு நாளாகும். பட்டியல் மறுநாள் போக வேண்டும். அதனால் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினேன். கடைசி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. எல்லாம் என் பக்கம் இருப்பதாக நினைத்தேன்.

காலையில் பாய் கடிதத்தை வாங்கினார். தேதி முத்திரை குத்தினார். பதிவேட்டில் ஏற்றத் தொடங்கினார். வரிசை எண், தேதி, யாரிடமிருந்து, பொருள். ஐந்தாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"தபாலா, நேர்லயா தம்பி?"

"நேர்லன்னு போடுங்க."

"நேர்லன்னா கொண்டு வந்தவர் பேர் கேக்குது."

"அந்தப் பையன் பேரையே போடுங்களேன்."

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "அவன் வந்தானா? வரலையே. நான் பொய் எழுதினா உனக்குத்தான் நாளைக்கு ஆபத்து." சொல்லிவிட்டு, அழகான கையெழுத்தில் என் பெயரை எழுதினார். அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் கிடையாது. அந்தக் கட்டத்தில் உண்மையை எழுத வேண்டும் என்று அவர் பதவிக்கு வந்த புதிதில் சுற்றறிக்கை வந்திருக்கிறது. அதைக் கோப்பில் தேடி எடுத்து அவருக்குப் படித்துக் காட்டியவன் நான்.

பதினோரு மணிக்கு அதிகாரி கூப்பிட்டார். மேஜையில் பட்டியலும் கடிதமும் பதிவேடும் விரித்திருந்தன.

"இது யார் டைப் அடிச்சது?"

அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.

"நம்ம மெஷின்ல 'க' அடிச்சா கொஞ்சம் மேல ஏறி விழும். ஒம்பது வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன். அடிச்சது நீங்க, போய் வாங்கினது நீங்க, கொண்டுவந்தது நீங்க. லாபம் யாருக்கு?"

"அவருக்கு நெஜமாவே இஷ்டமில்ல சார். அவங்கப்பாவும் வேண்டாம்னுதான் சொன்னாரு."

"இருக்கலாம். நான் நம்பறேன்." இருமினார். "நான் நம்பறது கோப்புல ஏறாதேய்யா. நாளைக்கு எவனாவது ஒரு மனு போட்டா, பதில் எழுதப் போறது யாரு? கோப்பைத் தொடாதீங்கன்னுதானே எழுதிக் கொடுத்தேன்."

கோப்பை நான் தொடவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். அப்படி ஒரு வாதத்தை ஜன்னலில் நின்று யாராவது என்னிடம் வைத்திருந்தால் நான் என்ன முகத்தோடு கேட்டிருப்பேன் என்று தெரியும். அவர் கடிதத்தின் ஓரத்தில் 'செல்லாது' என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டார். இருபதாவது இடத்தில் அவன் பெயர் ஏறியது. இருபத்தோராவதுக்குப் பட்டியலில் வரி கிடையாது. விதிமுறைப்படி எனக்குக் கிடைத்தது ஒன்று உண்டு: அரைநாள் விடுப்புக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை. தலைவலி என்று பதில் எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு டீக்கடை முகவரிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. மெட்ராஸ் போய்வர ரயில் செலவு தருகிறார்கள் என்பதால் சும்மா போய்ப் பார்த்தானாம். எடுத்துவிட்டார்கள்.

இது எனக்குத் தெரிந்தது அவன் அப்பா மூலமாக. ஒரு நாள் காலை பத்தரைக்கு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஜன்னலில் நின்ற வரிசையைச் சட்டை செய்யாமல் நேராக என் மேஜைக்கு வந்து நின்றார்.

"சார், வாணாம்னு கையெழுத்து வாங்கினு போனியே. இன்னா ஆச்சி அது?"

"அது செல்லாதுன்னுட்டாங்க."

"எம்புள்ள கையெழுத்து செல்லாதா?"

"கையெழுத்து செல்லும். நான் கொண்டுவந்ததால செல்லாது."

"போஸ்ட்டுல வந்திருந்தா?"

"செல்லும்."

அவர் அதை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். அலுவலகத்தில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. பாய் பதிவேட்டுக்குள் குனிந்துகொண்டார்.

"வாணாம்னு எழுதிக் குடுத்தவன இட்டுகினு போறீங்க. வேணும்னு அலையறவன இங்க உக்கார வச்சிகிறீங்க. இன்னா ஆபீஸு சார் இது?" என்று கேட்டார். கத்தவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். "எம்புள்ள இப்ப போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். உன்னாலதான். நீ வராம இருந்தா, எண்ணெ எங்க கீதுன்னே எங்களுக்குத் தெரியாது."

அவர் மகன் பெயரைத் திரும்பப் பெற ஏதாவது வழியுண்டா என்று கேட்டார். வேலையை ஏற்க மறுத்து மகனே நிறுவனத்துக்கு எழுதலாம், வேறு யாரும் எழுத முடியாது என்று சொன்னேன். "அவன் எழுத மாட்டான்" என்றார். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். மாடிப்படியில் அவர் இறங்கும் சத்தம் கடைசிப் படி வரை கேட்டது.

நாலைந்து மாதம் கழித்து அலுவலக முகவரிக்கு என் பெயரில் ஒரு கடிதம் வந்தது. மகன்தான் எழுதியிருந்தான். சாப்பாடு ஏராளம், ஆனால் ரசம் கிடையாது. ஹெலிகாப்டரில்தான் போய்வருகிறார்கள். மேடைமேல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நூற்றுப்பத்து அடி நடக்கலாம், அப்புறம் திரும்ப வேண்டும், பதினாலு நாளும் இதுதான். வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும் முறை முடியாமல் யாரும் இறங்க முடியாது. சேற்றைச் சோதிக்க இராப்பகல் இல்லை. மேடை அசையாது என்று நீங்கள் சொன்னது தப்பு, காற்றில் அசைகிறது, முதல் வாரம் பாதிப் பேர் வாந்தி. 'உங்களுக்கு இது ஒத்து வந்திருக்காது அண்ணாத்த, நல்லதுக்குத்தான் நடந்தது' என்று எழுதியிருந்தான்.

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் எழுதியிருப்பான். மதிய இடைவேளையில் எல்லோரும் வெளியே போன பிறகு அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்தேன். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றோ, கல்பாக்கத்தில் மறுபடி எடுப்பார்களா என்றோ எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்று, முதலிலிருந்து ஒவ்வொரு வரியாகத் தேடினேன். இல்லை. எனக்கு இருபத்தாறு முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.